ரவுட்டரில் 3389 திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

வந்திருக்கும் கேள்வி இது. திருப்பூரில் ஒரு சிறு பின்னலாடை நிறுவனம். மாத வாடகைக்கு எடுத்த உபுண்டு (லினக்ஸ் வகை) சர்வர் ஒன்றில் ஆர்டர் விவரங்கள் இருக்கின்றன. அலுவலகத்திலேயே இருக்கும் விண்டோஸ் சர்வரில் டேலி என்ற கணக்கு மென்பொருள். உரிமையாளர் வீட்டிலிருந்தும், ஆடிட்டர் தன் அலுவலகத்திலிருந்தும் டேலியைப் பார்க்க வேண்டும். லினக்ஸைக் கவனித்துக்கொள்பவர் கோவையில் இருக்கிறார். தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய எனிடெஸ்க், டீம்வியூவர், ரிமோட் டெஸ்க்டாப், வி.பி.என். என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்கிறார்கள். எதை எடுத்தால் பாதுகாப்பு?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லினக்ஸுக்கு, தூரத்திலிருந்து சர்வருக்குக் கட்டளை கொடுக்க உதவும் ஓப்பன் எஸ்.எஸ்.எச்.; அதுவும் சாவிக் கோப்பு வைத்து மட்டும், கடவுச்சொல்லுக்கு இடமே கொடுக்காமல். விண்டோஸுக்கு அதனோடு வரும் ரிமோட் டெஸ்க்டாப் போதும். ஆனால் அது வயர்கார்டு என்ற வி.பி.என்.னுக்கு, அதாவது இணையத்துக்குள் நாமே போட்டுக்கொள்ளும் பூட்டிய பாதைக்கு, உள்ளே மட்டும்தான் இருக்க வேண்டும். எனிடெஸ்க் வகையறாவை சர்வரில் நிரந்தரமாக வைக்காதீர்கள். மூன்றுக்கும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. காரணங்களைச் சொல்லப் போனால்தான் பதில் நீளும்.

மென்பொருள் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, அலுவலக ரவுட்டருக்குள் நுழைந்து போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தைப் பாருங்கள். டேலியை வெளியிலிருந்து பார்க்க ஏற்பாடு செய்து தருகிறேன் என்று வருகிறவர்களில் பலர் செய்துவிட்டுப் போவது ஒன்றுதான்: இணையத்திலிருந்து 3389 என்ற எண்ணுக்கு, அதாவது ரிமோட் டெஸ்க்டாப்பின் கதவுக்கு (போர்ட்), வருவதை எல்லாம் விண்டோஸ் சர்வருக்கு அனுப்பு என்று ரவுட்டருக்கு ஒரு வரி எழுதிவிடுவார்கள். வேலை உடனே முடிந்துவிடும். ஆடிட்டரும் மகிழ்ச்சி, உரிமையாளரும் மகிழ்ச்சி. அன்று இரவே உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து கடவுச்சொல் முயற்சிகள் தொடங்கிவிடும். இதை நம்பாதவர்கள் விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் செக்யூரிட்டி பதிவுகளைத் திறந்து 4625 என்ற எண்ணை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். நுழையத் தவறிய ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வரி. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டேலி, அக்கவுன்ட்ஸ், யூசர்1 என்று பெயர்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். உங்கள் நிறுவனத்தின் மேல் யாருக்கும் தனிப்பட்ட பகை இல்லை. 2009-இலிருந்து ஷோடான் என்ற தேடுபொறி இணையத்தில் எந்த முகவரியில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறது. திருடர்களுக்கும் அதே போன்ற பட்டியல்கள் உண்டு. தெருவில் ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு போகிறவன் பெயர்ப்பலகையைப் படிப்பதில்லை.

கடவுச்சொல் பலமாக இருந்தால் போதாதா என்பார்கள். 2019 மே மாதம் வெளியான புளூகீப் என்ற குறைக்குக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. விண்டோஸ் 7, சர்வர் 2008 போன்ற பழைய பதிப்புகளின் ரிமோட் டெஸ்க்டாப் சேவையில் உள்நுழைவதற்கு முன்பே ஆட்டையைப் போட வழி இருந்தது. ஆதரவை எப்போதோ நிறுத்திவிட்ட எக்ஸ்.பி.க்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். ரிமோட் டெஸ்க்டாப் மோசமான மென்பொருள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. திரை தெளிவாக வருகிறது, அச்சுப்பொறி வேலை செய்கிறது, குறியாக்கமும் இருக்கிறது. அதை நேரே வீதியில் கொண்டுபோய் வைத்ததுதான் பிழை.

அடுத்தது எனிடெஸ்க், டீம்வியூவர். இவை ஏன் நம் ஊரில் இவ்வளவு பரவின என்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. பல பிராட்பேண்ட் இணைப்புகளில் உங்களுக்கென்று தனி பொது ஐ.பி. முகவரி தருவதில்லை, நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே முகவரியின் பின்னால் அடைத்துவிடுகிறார்கள். போர்ட் ஃபார்வர்டிங் செய்ய நினைத்தாலும் முடியாது. இந்த மென்பொருள்களோ இரண்டு பக்கமும் தங்கள் நிறுவனத்தின் சர்வரை நோக்கி வெளியே சென்று அங்கே கைகோத்துக்கொள்கின்றன. ரவுட்டரைத் தொட வேண்டியதே இல்லை. தொலைவில் இருக்கும் அம்மாவின் மடிக்கணினியைச் சரிசெய்ய நானும் இதைத்தான் பயன்படுத்துகிறேன். அவர் எதிரே உட்கார்ந்து அனுமதி கொடுக்கிறார், வேலை முடிந்ததும் மூடிவிடுகிறோம்.

சர்வரில் நிலைமை வேறு. அங்கே அனுமதி கொடுக்க ஆள் இல்லை. நிரந்தரக் கடவுச்சொல் ஒன்றைப் போட்டு இருபத்து நான்கு மணி நேரமும் திறந்து வைக்கிறீர்கள். உங்கள் வீட்டுச் சாவியின் நகல் மூன்றாவது ஒருவரின் கடையில் தொங்குகிறது. அந்தக் கடை உடைந்தால் நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் தன் முக்கியக் கணினிகளுக்குள் ஊடுருவல் நடந்ததாக அறிவித்து, சான்றிதழ்களை மாற்றி, வாடிக்கையாளர் தளத்தின் கடவுச்சொற்களைச் செல்லாததாக்கியது. அதே ஆண்டு ஜூனில் டீம்வியூவர் தன் அலுவலகக் கட்டமைப்புக்குள் ஊடுருவல் நடந்ததை ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளர் பக்கம் பாதிக்கப்படவில்லை என்றது. இதே வகையில், சொந்தமாக நிறுவிக்கொள்ளும் ஸ்கிரீன்கனெக்ட் என்ற மென்பொருளின் கதை இன்னும் விசித்திரம். முதல்முறை நிறுவும்போது மட்டும் வரவேண்டிய அமைப்புப் பக்கத்தை, முகவரியின் கடைசியில் சிறிதாக ஒன்றைச் சேர்த்து மறுபடியும் வரவழைக்க முடிந்தது. வந்தவர் தன்னையே நிர்வாகியாக்கிக்கொள்ளலாம். அதுவும் 2024 பிப்ரவரிதான். தீவிர மதிப்பீடு பத்துக்குப் பத்து.

இன்னொன்று, ஊழியர்கள் இந்த மென்பொருளுக்குப் பழகிவிடுவது. வங்கியிலிருந்து பேசுகிறேன், எனிடெஸ்க் போடுங்கள் என்று ஒருவன் தொலைபேசியில் சொன்னால், தினமும் பார்க்கும் சிவப்புச் சின்னம்தானே என்று போட்டுவிடுவார்கள். 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே இதை வைத்து நடக்கும் யு.பி.ஐ. மோசடி பற்றி வங்கிகளை எச்சரித்தது. அலுவலகத்தில் அந்தச் சின்னமே இல்லை என்றால், கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு மறுப்பது சுலபம்.

தூரத்துத் திரையைக் காட்டும் இன்னொரு முறையான வி.என்.சி.யை இரண்டு வரியில் முடிக்கிறேன். அதன் பழைய முறையில் கடவுச்சொல்லின் முதல் எட்டு எழுத்துகளுக்கு மேல் கணக்கில் எடுக்கப்படுவதில்லை, திரையில் ஓடுவதும் குறியாக்கம் இல்லாமலே போகும். வி.பி.என்.னுக்கு உள்ளே என்றால் சரி, வெளியே கூடாது.

இப்போது எஸ்.எஸ்.எச்.சுக்கு வருவோம். இதன் பிறப்பே ஒரு திருட்டில்தான். 1995-இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னலில் யாரோ ஒட்டுக்கேட்கும் நிரல் ஒன்றை வைத்து, டெல்நெட் என்ற பழைய தொலை இணைப்பு முறையில் அப்பட்டமாக ஓடிய ஆயிரக்கணக்கான கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டார்கள். அங்கே இருந்த டாட்டு யூலோனென் அந்த எரிச்சலில் எழுதியதுதான் எஸ்.எஸ்.எச். கோப்புகளை அனுப்பும் எஃப்.டி.பி.க்குப் போர்ட் எண் 21, டெல்நெட்டுக்கு 23. நடுவே இருந்த 22-ஐக் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்று நாம் பயன்படுத்துவது 1999-இல் ஓப்பன் பி.எஸ்.டி. குழு தொடங்கிய ஓப்பன் எஸ்.எஸ்.எச். விண்டோஸ் சர்வரிலும் 2019 பதிப்பு முதல் இது கூடுதல் வசதியாகக் கிடைக்கிறது.

உங்கள் கோவைக்காரர் செய்ய வேண்டியது, தன் மடிக்கணினியில் எட்25519 வகைச் சாவிச்சோடி ஒன்றை உருவாக்குவது. 2014-இல் வந்த 6.5 பதிப்பிலிருந்தே இது இருக்கிறது, பழைய ஆர்.எஸ்.ஏ.வைவிடச் சாவி சிறியது, வேகமானது. பொதுச் சாவியை சர்வரில் வைக்க வேண்டும். தனிச் சாவி அவர் கணினியை விட்டு எங்கும் போகக் கூடாது, அதற்கும் ஒரு கடவுத்தொடர் போட்டிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் தனிச் சாவியை அனுப்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு சாவி; ஒரே சாவியை நான்கு பேர் பகிர்ந்துகொண்டால் ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் நால்வருக்கும் மாற்ற வேண்டும், அதனால் யாருக்கும் மாற்ற மாட்டார்கள்.

சாவி வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு கடவுச்சொல் வழியை அடைக்க வேண்டும். இங்கே நான் விழுந்த பள்ளம் ஒன்றைச் சொல்கிறேன். எஸ்.எஸ்.எச். சேவையின் முதன்மை அமைப்புக் கோப்பைத் திறந்து, பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் என்ற வரியில் நோ என்று எழுதி, சேவையை மறுதொடக்கம் செய்து, கையைத் தட்டிவிட்டு எழுந்தேன். சில வாரங்கள் கழித்து வேறு எதற்கோ பதிவேட்டைப் பார்த்தால், ரூட்டுக்குத் தவறான கடவுச்சொல், ஆரக்கிளுக்குத் தவறான கடவுச்சொல், போஸ்ட்கிரெஸுக்குத் தவறான கடவுச்சொல் என்று வரிகள் நிற்காமல் ஓடுகின்றன. கடவுச்சொல்லையே கேட்காத சர்வரில் தவறான கடவுச்சொல் எப்படி வரும்? அரை மணி நேரம் குழம்பிய பிறகுதான் தெரிந்தது. வாடகை சர்வர்களுக்கான உபுண்டுவில் முதன்மைக் கோப்பின் தொடக்கத்திலேயே, துணைக் கோப்புறையில் இருப்பவற்றையும் சேர்த்துப் படி என்று ஒரு வரி இருக்கிறது. அந்தக் கோப்புறையில் கிளவுட் இனிட் என்ற பெயர் கொண்ட, 50 என்ற எண்ணில் தொடங்கும் கோப்பு ஒன்று. அதில் அதே அமைப்புக்கு யெஸ். எஸ்.எஸ்.எச்.சின் விதி, முதலில் படித்ததே செல்லும் என்பது. கீழே நான் எழுதிய நோவை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆகையால் எழுதியதை நம்பாதீர்கள். சேவை நிரலைப் பெரிய T என்ற விருப்பத்தோடு (sshd -T) ஓட்டினால், உண்மையில் எந்த மதிப்பு நடைமுறையில் இருக்கிறது என்று முழுப் பட்டியலையும் கொட்டிவிடும். அதில் பாஸ்வேர்ட், கேபிடி இன்டராக்டிவ் இரண்டும் நோ என்று இருக்க வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால் கடவுச்சொல் பின்வாசல் வழியாக வந்துவிடும். இதையெல்லாம் செய்யும்போது ஏற்கெனவே உள்ளே இருக்கும் முனையத்தை மூடாதீர்கள். புதிதாக இன்னொரு முனையத்தைத் திறந்து நுழைய முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பழையதை மூட வேண்டும்.

22-ஐ வேறு எண்ணுக்கு மாற்றலாமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். மாற்றினால் பதிவேட்டில் இரைச்சல் குறையும், அவ்வளவுதான். தவறாக முயன்றுகொண்டே இருக்கும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்டூபேனும் அப்படியே; கடவுச்சொல்லை அடைத்துவிட்ட சர்வரில் அது கொசுவலை மாதிரி, இருந்தால் நிம்மதி.

எஸ்.எஸ்.எச். மட்டும் குறையில்லாததா? இல்லை. 2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட குறை, 2006-இலேயே அடைத்த ஓட்டை 8.5 பதிப்பில் தெரியாமல் மறுபடி திறந்துகொண்டதால் வந்தது, 9.8 பதிப்பில் சரிசெய்தார்கள். அதற்கு மூன்று மாதம் முன்பு நடந்தது இதைவிடப் பயங்கரம். ஆண்ட்ரெஸ் ஃபிராயின்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர், எஸ்.எஸ்.எச். உள்நுழைவு வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். தோண்டிப் பார்த்தால், எக்ஸ்.இசட். என்ற சுருக்கு நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு வைத்த பின்கதவு. ஓப்பன் எஸ்.எஸ்.எச்.சுக்கும் எக்ஸ்.இசட்.டுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியோடு பேசுவதற்காகச் சில லினக்ஸ் வெளியீடுகள் சேர்த்த ஒட்டு நிரல் வழியாக அது உள்ளே வந்தது. சோதனைப் பதிப்புகளோடு பிடிபட்டதால் தப்பித்தோம். அரை விநாடியைப் பொருட்படுத்தாத ஆளாக அவர் இருந்திருந்தால்?

இதனால்தான் எஸ்.எஸ்.எச்.சையும் முடிந்தால் வி.பி.என்.னுக்கு உள்ளே வைக்கச் சொல்கிறேன். வி.பி.என்.களில் என் தேர்வு வயர்கார்டு. ஜேசன் டோனன்ஃபெல்டு எழுதியது, 2020 மார்ச்சில் 5.6 பதிப்போடு லினக்ஸின் கருவான கெர்னலுக்குள்ளேயே சேர்ந்தது. கெர்னல் பகுதியின் நிரல் சுமார் நான்காயிரம் வரிகள். ஒரு மனிதர் உட்கார்ந்து படித்து முடிக்கக்கூடிய அளவு. ஓப்பன்வி.பி.என். கெட்டது என்று சொல்ல மாட்டேன், 2001-இலிருந்து உழைக்கிறது, ஆனால் அமைப்புகள் அதிகம், தவறாகத் திருகுவதற்கான இடங்களும் அதிகம். வயர்கார்டில் பயனர்பெயர் இல்லை, கடவுச்சொல் இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சாவி. எனக்கு மிகப் பிடித்தது அதன் ஊமைத்தனம். சரியான சாவியோடு வராத பொட்டலத்துக்கு அது பதிலே சொல்லாது. ஷோடான் கதவைத் தட்டினால் வீட்டில் ஆள் இருப்பதே தெரியாது.

உங்கள் விஷயத்தில் ஒரு வசதி இருக்கிறது. அலுவலகத்துக்குப் பொது ஐ.பி. இல்லாமல் இருக்கலாம், வாடகை லினக்ஸ் சர்வருக்கு நிச்சயம் இருக்கும். அதை நடு மையமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வயர்கார்டு 51820 என்ற யு.டி.பி. எண்ணில் காத்திருக்கட்டும். அலுவலக விண்டோஸ் சர்வர், உரிமையாளரின் மடிக்கணினி, ஆடிட்டரின் கணினி, கோவைக்காரர் எல்லாரும் அந்த மையத்தோடு இணைவார்கள். விண்டோஸ் சர்வர் உள்ளிருந்து வெளியே செல்வதால் ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம். இணைப்பு உறங்கிவிடாமல் இருக்க 25 விநாடிக்கு ஒருமுறை உயிர்த்துடிப்பு அனுப்பும்படி அமைத்தால் போதும். விண்டோஸில் வயர்கார்டு பின்னணிச் சேவையாக ஓடுவதால், மின்சாரம் போய் வந்து கணினி தானே எழுந்தாலும் யாரும் உள்நுழையாமலே இணைப்பு வந்துவிடும். திருப்பூரில் இது சின்ன விஷயம் இல்லை.

மையத்தில் ஃபயர்வால் விதி எழுதுவதில் சோம்பல் வேண்டாம். ஆடிட்டரின் முகவரியிலிருந்து விண்டோஸ் சர்வரின் 3389-க்கு மட்டும் வழி, வேறு எதற்கும் இல்லை. விண்டோஸ் பக்கத்து ஃபயர்வாலிலும் 3389 வயர்கார்டு முகவரிகளுக்கு மட்டும். ரிமோட் டெஸ்க்டாப் அமைப்பில் வலைப்பின்னல் நிலைச் சரிபார்ப்பு (என்.எல்.ஏ.) இயங்கட்டும். இதில் ஒரு பலவீனம் உண்டு, மறைக்க விரும்பவில்லை: மையமான லினக்ஸ் சர்வர் விழுந்தால் அலுவலகத்துக்குப் போகும் பாதை எதிரி கையில் இருக்கும். அதனால்தான் உள்ளே இருக்கும் விண்டோஸ் கடவுச்சொல்லும் பலமாக இருக்க வேண்டும் என்கிறேன். மையத்தில் நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கர் வைத்து ஏதாவது ஓட்டுகிறீர்கள் என்றால் கூடுதல் கவனம் தேவை. டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் உபுண்டுவின் யு.எஃப்.டபிள்யூ. ஃபயர்வால் விதிகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

இவ்வளவும் கையால் செய்ய ஆள் இல்லை என்றால் டெயில்ஸ்கேல். உள்ளே வயர்கார்டேதான்; சாவிகளைக் கருவிகளுக்கு இடையே கொண்டுசேர்க்கும் வேலையை அந்த நிறுவனத்தின் சர்வர் பார்க்கிறது. கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கை வைத்து நுழைவதால் அந்தக் கணக்கின் இரட்டைச் சரிபார்ப்பே உங்கள் காவல். மூன்றாவது ஒருவர் வந்துவிட்டாரே என்றால், ஆமாம், வந்துவிட்டார். ஆனால் எனிடெஸ்கைப் போல நுழைந்த உடனே திரை கைக்கு வருவதில்லை. வலைப்பின்னலுக்குள் வந்த பிறகும் விண்டோஸின் உள்நுழைவைத் தாண்ட வேண்டும். அரைகுறையாகக் கட்டிய வயர்கார்டைவிட ஒழுங்காகக் கட்டிய டெயில்ஸ்கேல் மேல்.

வி.பி.என். போட்டுவிட்டோம் என்று சாய்ந்து உட்காரவும் முடியாது. 2021 மே மாதம் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் கலோனியல் பைப்லைன் நின்றுபோனதற்குக் காரணம், யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய வி.பி.என். கணக்கு. அதற்குக் கடவுச்சொல் மட்டும்தான் இருந்தது, இரண்டாம் சரிபார்ப்பு இல்லை. கொடுத்த பணயத் தொகை 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர். பெரும்பகுதியைப் பிற்பாடு அமெரிக்க நீதித்துறை மீட்டது. உங்களுக்கும் எனக்கும் அந்த மீட்பு நடக்காது. ஆடிட்டர் அலுவலகத்தில் உதவியாளர் மாறினால் அன்றே மையத்தில் அவருடைய சாவியை நீக்க வேண்டும். யாருடைய சாவி எது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தாலும் போதும்.

டேலிக்கு ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேர் வர வேண்டும் என்றால் உரிமம் பற்றிக் கவனியுங்கள். விண்டோஸ் சர்வர் நிர்வாக வேலைக்காக இரண்டு இணைப்புகளை மட்டும் அனுமதிக்கும். அதற்கு மேல் தனி உரிமம் வாங்க வேண்டும். இதைத் தவிர்க்க, சாதாரண விண்டோஸில் பலரை நுழைய வைக்கும் ஒட்டு நிரல்களை எங்கிருந்தோ இறக்கி நிறுவித் தருகிறார்கள். உரிமச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும். ரிமோட் டெஸ்க்டாப்பின் உள்ளேயே கைவைக்கும் அந்த நிரலை யார் தொகுத்தது என்று கொண்டுவந்தவருக்கே தெரியாது.

சட்டப் பக்கத்தில் ஒன்று. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி, ஊடுருவல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். உபுண்டு வழக்கமாக உள்நுழைவுப் பதிவேட்டை வாரம் ஒன்றாகச் சுழற்றி நான்கு வாரத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். லாக்ரொட்டேட் அமைப்பில் நான்கை 26 ஆக்குங்கள்.

வாடகை சர்வர் நிறுவனத்தின் இணையதளக் கணக்கை மறந்துவிடாதீர்கள். அதற்குள் நுழைந்தவர் சாவியும் இல்லாமல் வி.பி.என்.னும் இல்லாமல் உலாவி வழியாகவே சர்வரின் திரையைத் திறப்பார், நினைத்தால் சர்வரையே அழிப்பார். அதற்கு இரட்டைச் சரிபார்ப்பு இன்றே போடுங்கள். நீங்களே உங்களை வெளியே பூட்டிக்கொள்ளும் நாளில் உதவப்போவதும் அந்த உலாவித் திரைதான்.

எல்லாம் முடிந்ததும் கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் இருந்தபடி, வயர்கார்டு இல்லாமல் அலுவலகத்தின் பொது முகவரிக்கு ரிமோட் டெஸ்க்டாப் செயலி மூலம் போய்ப் பாருங்கள். சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் இணைக்க முடியவில்லை என்று வர வேண்டும். கடவுச்சொல் கேட்டால், ரவுட்டரில் அந்த வரி இன்னும் இருக்கிறது.